பெல்ட்டுக்கு ஒரு செபமாலை

பாக்கியசாமிக்குப் பெல்ட்டைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை, பேசத்தான் தெரியாது. சுரங்கத்திலிருந்து நிலக்கரி சுமந்து வரும் கன்வேயர் பெல்ட்டுகளைப் பழுது பார்க்கும் காண்ட்ராக்ட் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் உழைத்தவர். இப்போது முட்டி தேய்ந்து, ஏணியைப் பார்த்தாலே 'மாதாவே' என்பார். அந்த நேரம் பார்த்து மேனேஜர் சிவப்பிரகாசம், மந்தாரக்குப்பம் ஆபீசில் ஸ்டோர் ரூமைக் காலி செய்து பயிற்சிக் கூடம் ஆக்கினார்.

"நீங்கதான் டிரெய்னர். பத்து நாள்ல சென்னையிலேர்ந்து ஆபீசர் வந்து டெஸ்ட் வைப்பார். ஆளுங்க பாஸானா இந்த வேலை உங்களுக்கு. இல்லாட்டி மறுபடி ஏணிதாங்க."

முதல் நாள் எதிரே பதினெட்டு பேர். பாக்கியசாமிக்கு வாயில் கொழுக்கட்டை. அவர் கூட்டத்தில் வாய் திறப்பது மாதா கோயிலில் செபமாலை சொல்லும்போது மட்டும்தான். பாதியை இவர் சொல்வார், மீதியைச் சனங்கள் சொல்வார்கள். பயத்தில் அந்த ராகமே வந்துவிட்டது, பாவம். பாடத்தையும் அதே மாதிரி பாதியாக்கி, மறுபாதியை ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

"பெல்ட்டு நின்னுகினு இருந்தாலும்..."

"கை வைக்காதே!"

"சுவிட்சை அணைச்சுட்டு..."

"பூட்டுப் போடு!"

"பூட்டைப் போட்டுட்டு..."

"சாவி என் பாக்கெட்டுல!"

வகுப்பு களைகட்டியது. ஆட்களில் ஒருவனான சாதிக் அலி மேசையில் தாளமே போட்டான். பக்கத்து டீக்கடைக்காரருக்குக்கூடப் பாடம் மனப்பாடம் ஆகிவிட்டது.

டெஸ்ட் அன்று சென்னை ஆபீசர் ஆல்பின் முதல் காரியமாகப் பாக்கியசாமியை வெளியே நிற்கச் சொன்னார். பிறகு ஆட்களின் பட்டியலை எடுத்து முதல் பெயரைக் கூப்பிட்டார்.

"இளவழகன், பெல்ட்டுல வேலை பார்க்கிறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்?"

இளவழகன் திருதிருவென்று விழித்தான். முதல் பாதியை யாராவது சொன்னால்தானே இரண்டாம் பாதி வரும்! அடுத்தவன் தலையைச் சொறிந்தான். அதற்கடுத்தவன் கூரையைப் பார்த்தான். ஜன்னலுக்கு வெளியே பாக்கியசாமிக்குக் கண்ணில் ஏணி தெரிந்தது. முட்டி இப்போதே வலிக்கத் தொடங்கிவிட்டது.

"ஒண்ணுமே தெரியலையே! சரி, நானே காட்டறேன்." ஆல்பின் மூலையில் இருந்த பயிற்சி பெல்ட்டை ஒரு சுற்று ஓட்டி நிறுத்தினார். "இதோ பாருங்க, ரோலர்" என்று கையை நீட்டினார்.

"கை வைக்காதே!"

பதினெட்டுத் தொண்டைகள். ஆபீசர் துள்ளிக் குதித்ததில் பேனா எங்கோ போய் விழுந்தது.

"ஏம்பா, சுவிட்சை அணைச்சுட்டு..." என்று ஆபீசர் இழுத்தார்.

"பூட்டுப் போடு!"

"இருங்கப்பா, பூட்டைப் போட்டுட்டு..."

"சாவி என் பாக்கெட்டுல!"

ஆல்பினின் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போனது. அங்கே கைக்குட்டைதான் இருந்தது. யார் வேண்டுமானாலும் போட்டுவிடக்கூடிய, பூட்டே போடாத சுவிட்சைப் பார்த்தார். பிறகு தன் விரல்களை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

பாக்கியசாமியை உள்ளே கூப்பிட்டார். "எல்லாரும் பாஸ். ஒருத்தர் மட்டும் ஃபெயில்."

"யாருங்க சார்?" என்றார் பாக்கியசாமி.

ஆல்பின் பட்டியலின் அடியில் தன் பெயரை எழுதினார். "அடுத்த பேட்ச் என்னிக்குங்க, மாஸ்டர்?"

பாக்கியசாமி நாற்காலியை இழுத்துப் போட்டு, முட்டியைத் தடவியபடி சாவகாசமாக உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"திங்கக்கிழமைங்க. எட்டு மணிக்கெல்லாம் வந்துடணும்."