சாலையில் கிடந்த புளியமரங்கள்

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வருடம், நான் கல்வராயன் மலையில் மரங்களை அளந்துகொண்டிருந்தேன். நெஞ்சு உயரத்தில் டேப்பைச் சுற்றி, மர உயரத்தைக் கணித்து, ஒரு காட்டில் எத்தனை கன மீட்டர் மரம் நிற்கிறது, எவ்வளவு எடை தேறும் என்று சொல்வது என் வேலை. அளந்ததும் கொடுவாளின் பின்பக்கத்தால் தட்டிப் பார்ப்போம். உள்ளே பொந்து இருந்தால் சத்தம் மாறிவிடும். கணக்கில் அதைக் கழிக்க வேண்டும்.

மலைமேல் நான் தங்கியிருந்த கரியாலூருக்குச் சில நாட்களாகப் பஸ் வரவில்லை. அரிசி தீர்ந்ததும் நானும் எனக்குத் துணையாயிருந்த வனத்துறை வாட்சரும் நடந்தே இறங்கினோம். அவர் மலைக்காரர், என் வயதுதான். அடிவாரம் தாண்டியதும் நின்றுவிட்டார்.

"இன்னா சார் இது? ஒரு சத்தத்தயும் காணோம்."

நடுப்பகல். வண்டி இல்லை, ஆள் இல்லை, வயலில் மாடுகூட இல்லை. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். இலைகள் இன்னும் முழுக்க வாடவில்லை. நின்ற மரங்களையே பார்த்துப் பழகிய எனக்கு, தூங்குகிறவர்களைத் தாண்டிப் போவதுபோல் கூசியது.

எல்லாவற்றிலும் பெரியதாக ஒன்று கிடந்தது. பழக்க தோஷத்தில் கொடுவாளைத் திருப்பித் தட்டினேன். பொந்துச் சத்தம்.

உள்ளேயிருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள்.

வாட்சர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். மரத்துக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"போலீசு போய்ட்டாங்களா?"

"இங்க யாருமே இல்லீங்க. வெளிய வாங்க" என்றேன்.

"வர்ல. தண்ணி கீதா?"

கிளை முறிந்த ஓட்டை வழியாக ஒரு கை நீண்டது. தோல் சிராய்த்து, விரலெல்லாம் மரத்தூள். பாட்டிலைக் கொடுத்தேன். மரமே குடிப்பதுபோல் சத்தம் கேட்டது. பாட்டிலைத் திருப்பித் தந்துவிட்டு அந்தக் கை உள்ளே போய்விட்டது. பிறகு எவ்வளவு கூப்பிட்டும் பதிலில்லை.

சின்னசேலம் போகும் வழியில் ஒரு ஊர். எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. ஒன்று மட்டும் லேசாகத் திறந்தது. ஒரு பெண் எட்டிப்பார்த்தாள்.

"வழியில எங்க வூட்டுக்காரரப் பாத்தீங்களா?"

நான் தயங்கினேன். வாட்சர் சொல்லிவிட்டார்: "பெரிய புளியமரத்துக்குள்ள ஒர்த்தர் கீறாரும்மா. மொகம் தெரியல, கைய மட்டும் பாத்தோம்."

"சுண்டு விரலு இல்லாத கையா?"

"எல்லா விரலும் இருந்திச்சு."

அவள் உள்ளே போய் ஒரு தூக்கில் கஞ்சியோடு வந்தாள். "அவரும் யாரோ ஒரு வூட்டு ஆளுதானே" என்று சொல்லிவிட்டு, வெறிச்சோடிய சாலையில் தனியாக நடந்தாள்.

வெட்டிய மரங்களை ஏலத்துக்காக அளக்க, சில வாரம் கழித்து அங்கே போனேன். அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"கஞ்சியக் குடிச்சிட்டு உளுந்தூர்பேட்டை பக்கம் நடந்துட்டாரு சார். பேருகூட சொல்லல."

"உங்க வீட்டுக்காரரு?"

"ஜெயில்ல கீறாரு. வுட்ருவாங்கன்னு சொல்றாங்க." சாலையைக் கைகாட்டினாள். "பொழுது சாஞ்சா வவ்வாலுங்க வருதுங்க. மரம் நின்ன எடத்தயே சுத்திக்கினு கீதுங்க. பாக்கவே பயமா இருக்குது."

அன்று சாயங்காலம் நின்று பார்த்தேன். வெறும் வானத்தில், பெரிய புளியமரத்தின் உச்சி இருந்திருக்கும் உயரத்தில், அவை தொங்குவதற்குக் கிளை தேடிச் சுற்றிக்கொண்டிருந்தன.