தண்ணீர் ஒட்டாத கை

நேற்று தண்டையார்பேட்டையில் பஸ் ஏறினேன். நல்ல மழை, கண்ணாடியெல்லாம் மூடிக்கிடந்தது. முன் சீட்டில் ஒரு குழந்தை கண்ணாடியில் வாயை வைத்து ஊதியது. ஆவி படர்ந்ததும் அதில் ஒரு கை தெரிந்தது. குழந்தையின் கை இல்லை, பெரிய ஆளின் கை. எப்போதோ ஏறி எங்கேயோ இறங்கிப்போன யாரோ ஊன்றியது. குழந்தை சிரித்தது. எனக்கோ அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிடலாம் போலிருந்தது. இந்த வயதில் பஸ் கண்ணாடிக்குப் பயப்படுகிற ஆளைப் பார்த்திருக்கிறீர்களா? காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

இரண்டாயிரம் பிறந்த புதிது. நான் திருவொற்றியூரில் கார் பெயிண்டர். நான் அடித்த அம்பாசடர் கதவைப் பார்த்துத் தலை வாரலாம் என்று எனக்கு ஒரு திமிர். என் தோஸ்து டேனியல் ராயபுரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் கையாலேயே கிதார் செய்வான். பலகையை வளைப்பதும் ஒட்டுவதும் அவன் மனைவி ஸ்டெல்லா. எர்ணாவூர் பக்கம் ஒரு கண்டெய்னர் லாரி டேனியலை அடித்துக் கொண்டுபோன பிறகு, பாலீஷ் மட்டும் போடாத ஒரு கிதார் கொட்டகையில் மிஞ்சியது. பெரியமேட்டில் கிதார் விற்கிற கடைக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். அதை முடித்துக் காட்டினால், நன்றாக இருந்தால், தொடர்ந்து வேலை தருவதாகச் சொன்னார். இல்லாவிட்டால் ஸ்டெல்லா கொட்டகையைக் காலி செய்துவிட்டு இறால் உரிக்கப் போக வேண்டியதுதான். என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"தின்னரு வோணாம்ண்ணா. அந்த நெடில பாப்பாக்கு மூச்சு இழுப்பு வந்துகினே கீது. தண்ணில கலக்குற லாக்கரு பாலீஷு வந்துகீதாம். அத்த அடிச்சுக் குடு."

தண்ணீரிலா? சுவருக்கா அடிக்கிறோம் என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பு அன்று மத்தியானம் வரைகூடத் தாங்கவில்லை.

காருக்கு அடிக்கிற மாதிரி அடித்தால் வழிந்தது. மெல்லிசாக அடித்தால் காற்றிலேயே காய்ந்து பொடியாக விழுந்தது. தண்ணீர் பட்டதும் மரத்தின் நாரெல்லாம் சிலிர்த்து எழுந்து நிற்கும், தடவினால் மழிக்காத தாடை மாதிரி இருக்கும். அதைத் தேய்த்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். துறைமுகத்து நிலக்கரித் தூள் வேறு. ஒரு கொசுவலையைக் கூடாரமாகக் கட்டி, நனைத்துவிட்டு, அதற்குள் நின்று வீணாய்ப்போன பலகைகளில் அடித்துப் பழகினேன்.

இந்த லாக்கர் பாலாகத்தான் விழும். காயக் காயத்தான் தெளியும். கடல் காற்றில் அதற்கு நேரமாகும். டேனியலின் கிதாருக்கு அடித்துத் தொங்கவிட்ட அன்று, வலைக்குள் வெள்ளையாக ஒன்று ஆடிக்கொண்டிருப்பதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. துறைமுகத்தில் கப்பல் ஊதினால் சுவரில் மாட்டிய கிதார்களின் கம்பிகள் லேசாக முனகும். அது பழகிவிட்டது. ஆனால் அன்று, கம்பியே கட்டாத டேனியலின் கிதாரும் உள்ளுக்குள் முனகியது. காலி வயிறு எதற்குத்தான் முனகாது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு ஸ்ப்ரே கன்னைக் கீழே வைத்தேன்.

பால் தெளிந்தபோது, கிதாரின் ஓட்டைக்குக் கீழே லாக்கர் ஓரிடத்தில் ஒட்டாமல் விலகியிருந்தது. எண்ணெய் பட்ட இடத்தில் இப்படி வட்ட வட்டமாகக் குழி விழுவதற்குப் பெயிண்டர்கள் பாஷையில் மீன்கண் என்று பெயர். தேய்த்துவிட்டு மறுபடி அடித்தேன். அதே இடம். இந்த முறை மீன்கண்கள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. முதலில் உள்ளங்கை வந்தது. பிறகு விரல்கள். மோதிர விரல் மட்டும் பாதியில் நின்றது.

டேனியலின் மோதிர விரலில் பாதியை ரம்பம் கொண்டுபோயிருந்தது. என் உடம்பிலும் நார் எழுந்து நின்றது.

விஷயம் புரியாமல் இல்லை. டேனியல் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வழிய வழிய வைப்பான். அதே கையைக் கிதாரில் ஊன்றிக்கொண்டு, மறு கையால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்பான். மரம் எண்ணெயைக் குடித்துவிட்டது. தின்னர் லாக்கராக இருந்தால் அதைக் கரைத்து மூடிக்கொண்டு போயிருக்கும். தண்ணீருக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. இவ்வளவும் தெரிந்தும் பட்டப்பகலில் கொட்டகைக்கு வெளியே போய் நின்றுகொண்டேன்.

ஸ்டெல்லா வந்து பார்த்தாள்.

"இன்னாண்ணா இது?"

"எண்ணெய்ம்மா. ஸ்பிரிட்டு போட்டுத் தொடச்சி, அரக்கு பாலீஷ் ஒரு கை குடுத்தா பூடும்."

"பூடுமா?"

"பூடும். இத்தோட குடுத்தா கடைக்காரரு வாங்க மாட்டாருமா."

அவள் தன் கையை அந்தக் கையின்மேல் வைக்கப் போனாள். லாக்கர் ஈரம் என்று நினைவு வந்து அந்தரத்திலேயே நிறுத்திக்கொண்டாள். அவளுக்கு அழுகை வரவில்லை, எனக்குத்தான் வந்தது.

காய்ந்ததும், நகம் கீறாமலிருக்க ஓட்டைக்குக் கீழே ஒட்டுகிற கறுப்பு பிளேட்டை எடுத்து வந்து அதன்மேல் வைத்தாள். சுற்றிப் பென்சிலால் கோடு போட்டாள். கோட்டுக்கு வெளியே இருந்ததை மட்டும் என்னைத் தேய்க்கச் சொன்னாள். பிறகு ஸ்பிரிட் துணியை என்னிடமிருந்து வாங்கி, உள்ளங்கையையும் மற்ற விரல்களையும் அவளே அழுத்தி அழுத்தித் துடைத்தாள். கோட்டுக்குள் பாதி விரல் மட்டும் நின்றது.

"அது இருந்துட்டுப் போவட்டும்ண்ணா. ப்ளேட்டு மூடிக்கும்."

துடைத்த இடத்துக்கு அரக்கு கொடுத்து மறுபடி லாக்கர் அடித்தேன், காய்ந்ததும் அவள் பிளேட்டை ஒட்டினாள். கடைக்காரர் கிதாரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிளேட்டை நகத்தால் தட்டிப் பார்த்தார். "நல்லா கீதும்மா" என்று எடுத்துப் போனார். வேலை தொடர்ந்து வந்தது, பாப்பாவின் இழுப்பும் குறைந்தது.

இப்போது அந்தக் கொட்டகை இல்லை, ரோட்டை அகலமாக்கியதில் போய்விட்டது. ஸ்டெல்லா மகளோடு மீஞ்சூர் பக்கம் போய்விட்டாள். இருந்த ஒரே டேனியல் போட்டோவும் வெள்ளத்தில் ஊறி வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டது என்று ஒருமுறை போனில் சொன்னாள். அவன் குரலே எனக்கு மறந்துவிட்டது. அவனுடையது என்று மிச்சமிருப்பது அந்தப் பாதி விரல் ஒன்றுதான். எந்த ஊரிலோ யாரோ அதற்குமேல் விரலை ஓட்டி வாசித்துக்கொண்டிருப்பார். பிளேட்டு கழன்று விழுகிறவரை அவருக்குத் தெரியப்போவதில்லை.