சவுரிராயனும் ‘பெக்’ என்ற வினைச்சொல்லும்

விழுப்புரத்தில் ஆங்கில இலக்கணம் தெரிந்தவர்கள் பலர் இருந்தார்கள். ஒரே ஒரு வினைச்சொல்லில் கரை கண்டவர் சவுரிராயன் மட்டும்தான். மூன்றாம் பாரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, தாலுகா கச்சேரி வாசலில் பலகை போட்டு மனு எழுதிப் பிழைத்தார். அந்தச் சொல் ‘பெக்’. ‘ஐ பெக் டு ஸ்டேட்’ என்று தொடங்குவார். ‘ஐ பெக் டு சப்மிட்’ என்று தொடர்வார். ‘ஐ பெக் டு ரிமெய்ன்’ என்று காலில் விழுந்து முடிப்பார். எங்கே வைத்தாலும் பிழை இருக்காது. தலைமைக் குமாஸ்தாவே மெச்சியிருக்கிறார். மனு பலித்ததா என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. இலக்கண சுத்தமான காகிதம் கட்டுக்குள் போய்ச் சேர்ந்தால் போதாதா?

1938 ஆடியில் கெடார் பக்கமிருந்து பாஞ்சாலி என்ற கூலிக்காரி வந்தாள். அவள் குடிசையைப் பிரித்துவிட்டு மாட்டுக்கொட்டகை போட ஊர் மிராசுதார் நாள் குறித்துவிட்டார். மனையோ அவள் மாமனார் பேரில் பட்டாவாகி, அவருக்குப் பின் அவளுக்கு வந்தது.

மனு தயாரானது. கட்டைவிரலில் மை தடவப்போனபோது அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"இன்னா எழுதியிருக்கீங்கன்னு தமிழ்ல சொல்லுங்க."

சவுரிராயன் பெருமையோடு சொன்னார். கெஞ்சிச் சொல்கிறேன், கெஞ்சிக் கேட்கிறேன், கெஞ்சி நிற்கிறேன். பாஞ்சாலி விரல் விட்டு எண்ணினாள். பதினோரு கெஞ்சல்.

"எம்மாமனார் எடத்துக்கு நான் எதுக்குங்க கெஞ்சிக்கினு நிக்கணும்? எடம் என்னுதுன்னு எழுதுங்க. இல்லன்னா கைநாட்டு வெக்க மாட்டேன்."

"அது மரியாதைம்மா. அது இல்லாத காயிதத்த உள்ள தொடமாட்டாங்க."

"தொடாட்டி போவட்டும்."

பேஜாரு தாங்காமல் வேறு காகிதம் எடுத்தார். மனை என்னுடையது. பட்டா இருக்கிறது. பிரிப்பதைத் தடுக்கவும். எழுதும்போது சட்டையில்லாமல் கடைத்தெருவில் நிற்பதுபோல் இருந்தது அவருக்கு.

மூன்றே வரி என்பதால் அதிகாரி முழுவதும் படித்துவிட்டார். படித்துத் தொலைத்ததால் உத்தரவு போட வேண்டியதாயிற்று. குடிசை பிழைத்தது. கூடவே இன்னோர் உத்தரவும் வந்தது: மரியாதையில்லாமல் மனு எழுதியவன் கச்சேரி வாசலில் உட்காரக்கூடாது, எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்டால் பரிசீலிக்கப்படும்.

சவுரிராயன் வீட்டில் காகிதத்தை விரித்தார். ஊராருக்காக ஆயிரம் முறை எழுதிய சொல்தான். தன் பேருக்கு எழுதப்போனபோது கை கூசியது. அவமானத்தில் அழுகை வந்தது.

"இத்தினி பேர எப்பிடி குனிய வெச்சேன்?" என்று மனைவி இருதயமேரியிடம் கேட்டார்.

"ஜல்தி எழுதுங்க, கச்சேரிய மூடிடுவாங்க," என்றாள் அவள்.

அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.