புள்ளி நின்ற கடற்கரைகள்

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. திருச்செங்கோட்டில் இருபத்தெட்டு வருடமாக ரிக் வண்டி வைத்து ஆழ்துளைக் கிணறு போடுகிறவன் நான். வண்டி வட நாட்டில் ஏதோ ஒரு பொட்டல் காட்டில் நிற்கும். டிரைவர் சொல்வது, துளை போடுகிறவன் சொல்வது, நீரோட்டம் பார்க்கிறவர் சொல்வது எல்லாவற்றையும் நான் இங்கே வீட்டில் உட்கார்ந்துகொண்டு பாதியாக வெட்டித்தான் காதில் வாங்க வேண்டும். அதற்காகவே வண்டியில் ஜிபிஎஸ் மாட்டினேன். காலையில் பல் துலக்கும் முன்பே செல்போனில் வண்டியின் புள்ளி எங்கே நிற்கிறதென்று பார்த்துவிடுவேன். வேலை இல்லாத இடத்தில் அது மூன்று மணி நேரம் அசையாமல் நின்றால் டீசல் திருட்டுப் போகிறதென்று அர்த்தம்.

மகள் சென்னைக்கு வேலைக்குப் போன அன்று அவளே என் செல்போனை வாங்கி இன்னொரு புள்ளியை அதில் ஏற்றிவிட்டாள். “பயப்படாதீங்கப்பா, நான் எங்க இருந்தாலும் இதுல தெரியுமுங்க” என்றாள். ஒரே பெண். நானும் பயப்படாமல்தான் இருந்தேன், ஒரு வருடம் வரைக்கும்.

போன சித்திரையில் சங்ககிரிப் பக்கம் ஒரு நல்ல இடத்திலிருந்து அவளைக் கேட்டு வந்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லாத குடும்பம். மகள் போனில், “இப்ப வேண்டாமுங்கப்பா” என்றாள். ஏன் என்று கேட்டதற்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை, அல்லது சொல்லவில்லை. அந்த வார சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவளுடைய புள்ளியைப் பார்த்தேன். விடுதியில் இல்லை. கோவளம் கடற்கரையில் இருந்தது. மணலும் தண்ணீரும் சேருகிற கோட்டின் மேலேயே மூன்று மணி நேரம் அசையாமல் நின்றது.

மூன்று மணி நேரம் என்றதும் எனக்கு டீசல் திருட்டுத்தான் ஞாபகம் வந்தது.

அடுத்த வாரமும் கோவளம். அதற்கடுத்த வாரம் புதுச்சேரிப் பக்கம், கடலுக்குள் கல் கொட்டி வைத்திருக்கிற ஓர் இடம். பிறகு மகாபலிபுரம். ஒரு தடவை ராமேசுவரம். சாமி கும்பிடப் போயிருப்பாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் புள்ளி கோயில் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. யாராவது கூட்டிக்கொண்டு போகாமல் ஒரு பெண் வாரம் ஒரு கடற்கரைக்கு எதற்குப் போவாள்? ஒரே ஊருக்குப் போனால் தெரிந்தவர்கள் கண்ணில் படும் என்று மாற்றி மாற்றிக் கூட்டிப்போகிறான் என்று முடிவு கட்டினேன். எங்கள் டிரைவர்களும் டீசல் விற்க ஒரே இடத்துக்கு இரண்டு தடவை போகமாட்டார்கள்.

ஆனி மாதம் ஊருக்கு வந்தபோது முகமும் கையும் கறுத்திருந்தது. விலாவில் சிராய்ப்பு. “என்னாச்சு சாமி?” என்று அவளுடைய அம்மா கேட்டாள். “வழுக்கி உழுந்துட்டேம்மா” என்றாள். தரையில் வழுக்கி விழுந்தவளுக்கு விலாவில் எப்படி அடிபடும்? நான் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்லுவாள், பொய் சொன்னால் எனக்குத் தாங்காது.

கேட்பதற்குப் பதிலாகச் சித்திரையிலிருந்தே எழுதி வைத்துக்கொண்டிருந்தேன். தினமும் எத்தனை அடி இறங்கியது, எந்த அடியில் பாறை மாறியது என்று குறித்து வைக்க என்னிடம் ஒரு நோட்டு உண்டு. அதன் கடைசிப் பக்கங்களில் கோடு போட்டுக் கட்டம் பிரித்தேன். தேதி, ஊர், வந்த நேரம், போன நேரம். ஐந்தாவது கட்டத்துக்கு மேலே ‘கூட யாரு’ என்று எழுதி, ஒவ்வொரு வாரமும் அதில் ஒரு கேள்விக்குறி போட்டேன். பதினான்கு வாரம், பதினான்கு கேள்விக்குறி.

ஆடியில் எனக்குப் பொறுமை போய்விட்டது. ஆனியிலிருந்து புள்ளி மகாபலிபுரத்திலேயே நின்றதால், அங்கே நேரில் பிடித்துவிடுவது என்று கிளம்பினேன். அங்கே அவள் கண்ணில் பட்டால் சொல்ல ஒரு காரணம் வேண்டுமே என்று முதல் நாளே அவளுக்குப் போன் போட்டேன். “மகாபலிபுரத்துப் பக்கம் ஒரு போர் போடற வேலை வந்திருக்குது சாமி. வண்டி போவுது, நானும் கூட வாரேன்” என்றேன். “நம்ம ரிக்குங்களா?” என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டாள். பிறகு, “சரிங்கப்பா, பாத்து வாங்க” என்றாள். நன்றாகத்தான் சொல்லி வைத்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிகாலை மகாபலிபுரத்தில், கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே மணலில் ஏற்றி வைத்திருந்த படகுக்குப் பின்னால் போய் நின்றேன். ஐம்பத்தைந்து வயதில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. புள்ளி நான் நின்ற இடத்திலிருந்து கல்லெறி தூரத்தில் இருந்தது. அங்கே மகள் இல்லை. செல்போன் வைக்கிற அவளுடைய பை மட்டும் கிடந்தது.

கடலைப் பார்த்தேன். அலைக்கு அப்பால் ஆறேழு பேர் அலையில் சறுக்குகிற பலகையில் விலா அழுந்தக் குப்புறப் படுத்திருந்தார்கள். ஒரு அலை எழும்பியபோது அதில் ஒருத்தி கையை வீசி வீசி நீந்தி, சடாரென்று பலகை மேல் எழுந்து நின்றாள். கோயிலுக்குப் பக்கத்துப் பாறையில் ஆரம்பித்த அலை கரையோடு சாய்ந்து வர, அவளும் அதோடு சாய்ந்து வந்தாள். அந்தக் கைவீச்சு எனக்குத் தெரியும். தோட்டத்துக் கிணற்றில் சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி, அந்த வீச்சைப் பழக்கியதே நான்தான். படகைப் பிடித்துக்கொண்டேன். அப்போதும் மனது அடங்கவில்லை. மற்றவர்களில் எவன் என்று ஒவ்வொரு தலையாகப் பார்த்தேன்.

அப்போது மீனவர் ஒருவர், என் வயதுக்காரர், கையில் டீயோடு வந்தார். “டீ சாப்டுங்க அய்யா. உங்க பொண்ணு தண்ணியில எறங்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டுப் போச்சு. அப்பா வருவாரு, இந்தப் படகுக்குப் பின்னாடிதான் நிப்பாரு, டீ குடுத்துருங்கன்னு” என்றார்.

டீயை வாங்கிக்கொண்டு படகுக்கு முன்னால் வந்து நின்றேன்.

ஒன்பது மணி வாக்கில் கரையேறி வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டச் சிரித்தாள். “எப்படிக் கண்டுபுடிச்ச?” என்றேன்.

“ஒளிஞ்சு நிக்க இங்க இந்தப் படகை உட்டா வேற என்ன இருக்குது? இந்த மணல்ல நம்ம வண்டி எறங்குமாங்கப்பா? பாறைக்குப் போடற ரிக்குக்கு இங்க என்ன வேலை? இங்கெல்லாம் நாலு பேரு கையாலயே இருபதடி கொழாய் எறக்கிருவாங்க. நீங்கதான் எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க.”

இத்தனை வருடம் எத்தனையோ டிரைவர்களின் பொய்யைப் பிடித்தவன், சொந்தத் தொழிலிலேயே ஓட்டைப் பொய் சொல்லி மாட்டிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மறைக்க அதட்டினேன். “கடல்ல எதுக்கு எறங்கற? எங்ககிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா உட்டிருப்பீங்களா?” என்றாள். பிறகு, “நம்ம கெணத்துல தண்ணி இருந்தா நான் ஏனுங்கப்பா இத்தன தூரம் வாரேன்?” என்றாள். கிணற்றைச் சுற்றி எங்கள் வண்டி போட்ட துளைகள் எத்தனை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். திரும்பி, கார் நிறுத்தியிருந்த இடத்துக்கு நடந்தேன்.

காரில் துண்டு தேடினவள் நோட்டை எடுத்துவிட்டாள். பிடுங்கலாம் என்று கை நீட்டினேன், அதற்குள் கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டாள். முதலில் கண்ணெல்லாம் விரிந்தது. “அய்யோ அப்பா, இத நான்கூட எழுதி வெக்கலியே! இங்க பாருங்க, சித்திரையில கோவளம். அப்ப அலை சின்னது. ஆனி பொறந்ததும் தெக்க இருந்து பெரிய அலை வரும், அதான் வரிசையா மகாபலிபுரம். ஒம்போது மணிக்கு மேல கடல் காத்து வந்து அலையக் கலைச்சுரும், அதான் எப்பவும் அந்நேரத்துக்குக் கெளம்பிட்டேன். விடியால காத்து நெலத்துல இருந்து அடிக்கோணும். அப்பத்தான் அலை ஒடையாம நிமுந்து நிக்கும். நம்மூரு ஆடிக்காத்துதாங்கப்பா அது. அங்க அடிச்சுட்டு இங்க வருது.”

விரலை வரி வரியாக நகர்த்திக்கொண்டே போனவள் ஐந்தாவது கட்டத்தில் நிறுத்தினாள். மேலிருந்து கீழே பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. “பதினாலு வாரமும் இதுதானுங்களாப்பா?” என்று மட்டும் கேட்டாள். நோட்டை மூடி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, அலுவலகத்து வேலை இருக்கிறதென்று பஸ் ஏறிப் போனாள். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் பார்த்தேன். செல்போனில் ரிக் வண்டியின் புள்ளி மட்டும்தான் இருந்தது.

இரண்டு வாரம் அவளாகப் போனும் போடவில்லை. நான் போட்டால் அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள். “ஏனுங்க, வண்டிக்காரனப் பாக்கற கண்ணுல பெத்த புள்ளையப் பாத்தா அவ எப்படிங்க பேசுவா?” என்றாள் என் மனைவி. சாப்பாடு பிடிக்கவில்லை. சனிக்கிழமை காலைகளில் வெறும் கடற்கரையைத் திரையில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெண்ணை நானே தொலைத்துவிட்டேன் என்ற பயம் வந்துவிட்டது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளே கூப்பிட்டாள். “நோட்டு பக்கத்துல இருக்குதுங்களா? எழுதிக்குங்க. மணப்பாடு. திருச்செந்தூர் தாண்டி. சாயங்காலம் ரயில் ஏறறேன். நாளான்னைக்கு வரைக்கும் அங்கதான் இருப்பேன்.”

எழுதினேன்.

“அஞ்சாவது கட்டத்துக்குக் கேக்கலீங்களா?”

“நீயாச் சொன்னா எழுதிக்கறேன் சாமி.”

“யாருமில்லைன்னு எழுதுங்க. பதினாலு வாரத்துக்கும் அதையே எழுதுங்க. இங்க எனக்குன்னு யாருமில்லீங்கப்பா. வேலை முடிஞ்சா ரூமு, ரூமு உட்டா வேலை. அலைக்கு நடுவுல இருக்கறப்ப மட்டுந்தான் அது தோணாது.”

அவளோடு யார், யார் என்று மூன்று மாதம் தேடியிருக்கிறேன். யாரும் இல்லாமல் இருப்பாள் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. என் சந்தேகத்தில் அதற்கு மட்டும் இடமே இருந்ததில்லை. கேள்விக்குறியின் மேல் ‘யாருமில்லை’ என்று எழுதிப் பார்த்தேன். இரண்டாவது வரிக்கு மேல் எழுத முடியவில்லை.

“நான் வரட்டுமா சாமி?” என்றேன்.

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, “அங்கயும் மணலுதானுங்கப்பா. உங்க வண்டி எறங்காது” என்றாள்.

“வண்டி இல்லாமத்தான் வாரேன்” என்றேன்.