கொட்டாஞ்சேனை வாசிகசாலையில் சத்தமில்லாத நாடகம்

ரயிலில் கடல் பக்கமாக உட்காருவது என்று சென்ற சனிக்கிழமை பிற்பகல் முடிவு செய்தேன். எளிதில் எடுத்த முடிவல்ல. வெள்ளவத்தையில் குடியேறிய நாள் முதல் தரைப் பக்கம்தான் உட்கார்ந்து வந்திருக்கிறேன். பிறர் வீட்டுப் பின்கட்டுகளையும் காயப்போட்ட துணிகளையும் பார்த்து முடிப்பதற்குள் கோட்டை வந்துவிடும். இந்தக் கொள்கை மாற்றத்தை மனைவியிடம் முறைப்படி அறிவித்தேன். “அப்ப சேட்டு நனையும்” என்றாள். வேறு எதிர்ப்பு எழவில்லை.

பயணத்துக்குக் காரணம் இராசரத்தினம். புதுக்கடையில் வக்கீலான ஒரு பிரக்கிராசியாரிடம் கிளாக்கராக இருக்கிறார். கொட்டாஞ்சேனையில் ஒரு வாசிகசாலை இருப்பதும், அங்கே சனிக்கிழமைகளில் ஒரு வாரம் சித்திரம், மறுவாரம் சங்கீதம், அடுத்த வாரம் நாடகப் பயிற்சி என்று ஊர்க்காரருக்கு நடப்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். “இந்தச் சனி எங்கட முதல் நாடகம். ஆறு மணிக்கு. நாலுக்கே வந்தியள் எண்டா ஒத்திகையும் பாக்கலாம்” என்று அழைத்திருந்தார். கொழும்பில் புத்தகங்கள் இருக்கும் இடத்தில் மனிதர்கள் தூங்கித்தான் நான் கண்டிருக்கிறேன். ஆகவே புறப்பட்டேன்.

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ஐந்து மைல். மூன்றாம் வகுப்பில் இருபது நிமிடம். கொள்ளுப்பிட்டிக்கு அருகே ஓர் அலை வந்து என் சட்டையை நனைத்து மனைவியின் கருத்தை உறுதிப்படுத்தியது. புறக்கோட்டையில் டிராம் ஏறினேன், ஐந்து சதம். கொட்டாஞ்சேனைக்குப் போகுமா என்று கொண்டக்டரைக் கேட்டேன்.

“இது கிராண்ட்பாசுக்குப் போறது. வழியில இறக்கி விடுறன், நடந்து போங்க.”

“எவ்வளவு தூரம்?”

“நடக்கிறவருக்குக் கிட்ட” என்றார். அரை மைல்.

வாசலில் இராசரத்தினம் என்னைத் தடுத்து நிறுத்தினார். “உள்ள கதைக்கேலாது. சொல்ல வேண்டியதை இங்கயே சொல்லிப்போடுறன்.”

அவர் சொன்னது இது. வாசிகசாலை ஆறு மணிக்குப் பூட்டப்படும். அதுவரை வாசிப்பு நேரம். யாரும் வாய் திறக்கக்கூடாது. நாடகக் குழுவுக்கு அந்த மண்டபத்தைத் தவிர ஒத்திகைக்குக் காசில்லாமல் வேறு இடமில்லை. வாசிகசாலைத் தலைவர் ஒரு நிபந்தனையோடு அனுமதித்திருக்கிறார்: வாசிகசாலை விதி எல்லாருக்கும் ஒன்றுதான். ஆகவே மூன்று மாதமாக ஒத்திகை சத்தமில்லாமல் நடக்கிறது. இன்று மட்டும் எட்டு மணி வரை கதவு திறந்திருக்கும், இன்று மட்டும் பேசி நடிக்கலாம். ஆனால் வாசகர் ஒருவர் முறைப்பாடு செய்தாலும் கலை அத்தோடு சரி.

“அப்படியானால் வேறு மண்டபம் பார்ப்பதுதானே?”

“எங்களுக்குப் பாக்கலாம். செலினுக்குத்தான்...” என்று அவர் இழுத்தார்.

பக்கத்தில் ஒரு பெண் குடையை மடக்கிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும், அருகிலுள்ள பெண்கள் பாடசாலையில் ஆசிரியை. “என்னைப் பற்றித்தானே கதைக்கிறியள், ராசரத்தினம் அண்ணை. நானே சொல்லுறன்” என்று என் பக்கம் திரும்பினாள். “நாடகக் கொட்டகை எண்டா எங்கட அப்பா வாசலைத் தாண்ட விடமாட்டார். வாசிகசாலை எண்டபடியால் விட்டவர். மகள் வாசிக்கப் போறாள் எண்டு ஊருக்குச் சொல்லலாம்தானே. இது போனா நான் வீட்டில. எனக்குப் பதிலா இவர் மீசையை வழிச்சுப்போட்டு கதாநாயகியா வருவார்.”

“மீசை வழிக்கிறது பெரிய காரியமில்லை” என்றார் இராசரத்தினம். “அதுக்குப் பிறகு பாக்கிறவைக்குத்தான் கஷ்டம்.”

உள்ளே போனோம். ஒரு பக்கம் நீண்ட மேசையில் பத்திரிகைகள், அதைச் சுற்றி வாசகர்கள். சுவரில் மாட்சிமை தங்கிய மன்னரின் படம். மறுபக்கத்தில் ஒத்திகை.

அதை எப்படி எழுதுவதென்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. ஆர்மோனியக்காரர் துருத்தியைத் தொடாமல் கட்டைகளை மட்டும் அழுத்தினார். காற்றில்லாத கட்டைகள் இறங்கி ஏறின. மிருதங்கக்காரரின் விரல்கள் தோலுக்கு ஓர் அங்குலம் மேலே ஓடி நின்றன. வசனம் மறந்தவருக்கு இராசரத்தினம் கைக்குட்டையை அசைத்தார். அரசனாக நடித்த இலியாஸ் நானா ஜிந்துப்பிட்டியில் தையற்கடை வைத்திருப்பவர். வாயைப் பெரிதாகத் திறந்து, ஒரு சொல்லும் வெளிவராமல், ஒரு மனிதனைச் சிறையில் தள்ளினார். அவன் தங்கையாகச் செலின் வந்து மன்றாடினாள். அவள் கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்தேன். நான் கேட்டது ஒருவர் பத்திரிகை புரட்டிய சத்தம் மட்டுமே. கச்சேரிகள் பல கேட்டிருக்கிறேன். அவற்றில் எதிலும் மூச்சு விடுவதற்கு நான் அனுமதி கேட்க நினைத்ததில்லை.

ஆறு மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. முதல் வரிசையில் தலைவர், அவருக்குப் பின்னால் துறைமுகத்தில் ஸ்டோர்கீப்பராக இருக்கும் செலினின் தகப்பன். திரை விலகியது. இலியாஸ் நானா தாமே தைத்த அங்கியில் கம்பீரமாக வந்து வாயைத் திறந்தார்.

சத்தம் வரவில்லை.

மூன்று மாதப் பழக்கம். அவர் முழு வசனத்தையும் மிக உருக்கமாக, ஒலி இல்லாமல் சொல்லி முடித்தார். எதிரே நின்ற மந்திரியும் அப்படியே பதில் சொன்னார். ஆர்மோனியக்காரர் துருத்தியைத் தொடவில்லை. தலைவர் தம் காதில் விரலை விட்டுக் குடைந்து பார்த்தார். கடைசி வரிசையில் யாரோ “கேக்கேல்லை” என்றார். பக்கத்திலிருந்தவர் “உஷ்” என்றார். திரைக்குப் பின்னால் இராசரத்தினம் கைக்குட்டையைக் கொடிபோல ஆட்டிக்கொண்டிருந்தார். அதன் பொருள் அவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

செலின் வந்தாள். அதற்குள் மண்டபத்தில் யாரும் இருமவில்லை. முந்நூறு பேர் இருக்கலாம். கொட்டாஞ்சேனையில் முந்நூறு பேர் ஒன்றாகச் சும்மா இருந்ததை அதற்கு முன் யாராவது பார்த்திருந்தால் எழுதி அனுப்புங்கள். அவள் அரசன் காலடியில் விழுந்து, எழுந்து, கடைசியாகச் சபையைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அப்போது அவளிடமிருந்து குரல் வந்தது. உரத்த குரலல்ல.

“என் அண்ணனைத் தாருங்கள்.”

அவ்வளவுதான் அன்று மாலை மேடையில் பேசப்பட்டது. அவள் தகப்பன் மடியிலிருந்த தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

திரை மூடியபின் பின்னால் போனேன். “மறந்து பெய்த்து மாத்தயா” என்று இலியாஸ் நானா நெற்றியில் அடித்துக்கொண்டார். “சத்தம் போடணும் எண்ட நெனப்பே வரல்ல.”

“எனக்கு அரைவாசியில நினைவு வந்தது” என்றாள் செலின். “சனத்தைப் பாத்தன். இனிச் சத்தம் போட்டாக் குழப்பிப்போடும் எண்டு விட்டனான். கடைசி வசனத்தை மட்டும் விட மனமில்லை.”

திரைக்கு வெளியே தலைவர் வழக்கப்படி கேட்டார்: “ஆருக்கும் முறைப்பாடு இருக்கோ?”

ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் எழுந்தார். “எனக்கு இருக்கு.”

செலின் திரையோரத்தில் அசையாமல் நின்றாள்.

“சத்தத்தைப் பற்றியோ?” என்றார் தலைவர்.

“சத்தம் எங்க இருந்தது? நான் பத்திரிகை வாசிக்க வாறனான். மூண்டு மாசமா ஒரு பக்கம் தாண்டேல்லை. இவை வாயை அசைச்சா நான் எப்பிடிக் குனிஞ்சு வாசிக்கிறது?”

“அப்ப நிப்பாட்டச் சொல்லுறியளோ?”

“நிப்பாட்டினா நான் ஏன் வாறன்?”

முறைப்பாடு முறைப்பாடுதான், நிர்வாகக் குழு கூடி முடிவு செய்யும் என்று தலைவர் சொன்னார். டிராம் ஏறித் திரும்பினேன். மனிதர்களுக்கு ஓர் இடமும் ஒரு விதியும் கொடுத்தால், அந்த விதிக்குள்ளேயே இப்படியொன்றைக் கட்டிவிடுவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

போக விரும்புகிறவர்கள் மூன்று மணி ரயிலைப் பிடியுங்கள். கடல் பக்கம் உட்காருபவர்கள் மாற்றுச் சேட்டு கொண்டு போகலாம். நுழைவுக்குக் கட்டணமில்லை. நாலு மணிக்கு முன் போனால் நாற்காலி கிடைக்கும். வாசலிலேயே பேசி முடித்துவிட்டு உள்ளே போங்கள். நிர்வாகக் குழு இந்த வாரம் கூடி, சனிக்கிழமை மாலைகளில் மண்டபத்தைக் கலைகளுக்கு ஒதுக்கியிருக்கிறது. பத்திரிகை மேசையை விறாந்தைக்கு மாற்றிவிட்டார்கள்.