இடக்கைக்கு ஒரு ஸ்டாக்

மூன்று மாதத்துக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும், எனக்கு இரண்டு கண்ணும் நன்றாக இருப்பதாகத்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஷார்ஜாவில் வாராவாரம் ஒரு கிளப்பில் ஏர் ரைபிள் சுடுகிறவன் நான். இடக்கைக்காரன்; குறி பார்ப்பதும் இடது கண்ணால்தான். கிளப் துப்பாக்கிகளோ வலக்கைக்காரர்களுக்காகச் செய்தவை. ஸ்டாக் என்றால், தோளில் முட்டுக்கொடுத்துக் கன்னத்தைச் சாய்த்துக்கொள்ளும் கட்டைப் பகுதி. அதில் கன்னம் பதியும் மேடு எனக்கு எதிர்ப்பக்கம் இருக்கும். இரண்டு வருஷம் எப்படியோ சமாளித்தேன்.

கோடையில் குறி தவற ஆரம்பித்தது. இலக்கின் கறுப்பு வட்டம் நசுங்கி, சாம்பல் பூத்து... கன்னம் சரியாக உட்காரவில்லை, வேறென்ன? இடக்கை ஸ்டாக் ஒன்று வரவழைத்து மாட்டிவிடலாம் என்று கோச் சிவரூபனிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர்.

அவர் என் இலக்கு அட்டைகளைப் புரட்டினார்.

"கன்னம் பிழையெண்டா எல்லாம் ஒரு பக்கமாத்தானே போகும் அண்ணை. இது நாலு பக்கமும் சிதறிக் கிடக்கு. வலது கண்ணைப் பொத்திப்போட்டு அந்தக் கதவைப் பாருங்கோ."

பொத்தினேன். கதவின் நடுவே அழுக்குப் புகை மாதிரி ஒன்று. கதவின் விளிம்பு வில்லாய் வளைந்திருந்தது.

"கதவு ஏன் வளைஞ்சிருக்கு?"

"அது நேராத்தான் இருக்கு அண்ணை."

கையை எடுத்தேன். நேராக இருந்தது. மறுபடி பொத்தினேன். வளைந்தது. கார் சாவியை அவரிடம் நீட்டினேன்.

கண் ஆஸ்பத்திரி வரைக்கும் அவர்தான் ஓட்டினார். கண் டாக்டர், மதுரைப் பக்கத்து அம்மா, ஸ்கேன் படத்தைக் காட்டினார்.

"விழித்திரைக்கு அடியில நீர் கோத்திருக்கு சார். ஒரு மாசத்துக்கு மேல இருக்கும்."

"எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

"ரெண்டு கண்ணும் திறந்திருக்கப்ப நல்ல கண்ணு சமாளிச்சிடும். வண்டி ஓட்டுறீங்களா?"

தினமும் ஓட்டினேன். ஆறு லேன் ரோட்டில், பின் சீட்டில் மகளை வைத்துக்கொண்டு. தலையை மட்டும் ஆட்டினேன்.

"ஸ்டீராய்டு ஏதாவது எடுக்கிறீங்களா? மாத்திரை, க்ரீம், ஸ்ப்ரே..."

தூசி அலர்ஜிக்கு மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே. கையோடு வைத்திருந்ததை நீட்டினேன்.

"யார் எழுதிக் கொடுத்தா?"

"நானே வாங்கினேன். ஒரு வருஷமா."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "இதுல ஸ்டீராய்டு இருக்கு. இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். உடனே நிறுத்துங்க."

ஸ்ப்ரே நின்றது. கார் நின்றது. பஸ்ஸில் வேலை சைட்டுக்குப் போனேன். தினமும் காலையில் எழுந்ததும் வலது கண்ணைப் பொத்தி பாத்ரூம் டைல்ஸ் கோடுகளைப் பார்ப்பேன். வளைவு இருக்கும். முகத்தைக் கழுவிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் டூட்டிக்குப் போவேன். நிமிரவே நிமிராதோ என்ற பயத்தை என்னவென்று சொல்ல?

மூன்று மாதத்தில் நீர் வற்றியது. கோடுகள் நிமிர்ந்தன. போன சனிக்கிழமை மறுபடி சுட்டேன். வட்டம் வட்டமாகவே தெரிந்தது. குண்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் — நடுவில் இல்லை, வலது ஓரத்தில்.

சிவரூபன் அட்டையைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "இப்பதான் அண்ணை உங்களுக்கு ஸ்டாக் தேவை."

ஆர்டர் போடச் சொல்லிவிட்டேன்.

உங்கள் மேஜை டிராயரில் டாக்டரைக் கேட்காமல் வாங்கிய மருந்து எத்தனை இருக்கிறது?