தெருவே கண்ணடிக்கும்

தி. நகரில் மின்விதித் திருத்தம் பற்றிய கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குச் செய்தியாளராகப் போயிருந்தேன். அக்கம்பக்கத்து விளக்குகளை மினுக்கவைக்கும் இயந்திரங்களின் இணைப்பைத் துண்டிக்கலாம் என்றது வரைவு. எதிர்க்க வந்த பட்டறைக்காரர்களில் ஒருவர் கே.கே. நகர் வெல்டர். புருவம் கருகியவர், பேசும் முன், பொறிக்கு ஒதுங்குவதுபோல் முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொள்வார்.

"உங்க மிஷினால பக்கத்து வீட்டு லைட்டு ஆடுதா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்லன்னு சொல்லு நைனா," என்றது பின்வரிசை.

"ஆடுது சார். நான் வெல்டிங் வெச்சா தெருவே கண்ணடிக்கும்."

"அப்ப கனெக்‌ஷன் போயிடுமே?"

"அதான் சார் வந்துகீறேன். தனி லைன் குடுங்க, புடுங்காதீங்க."

மறுநாள் செய்தியில் மற்றவர்கள் பேசியதையெல்லாம் எழுதினேன். அவர் பேச்சை மட்டும் விட்டுவிட்டேன். அவரைக் காப்பாற்றுவதாக நினைப்பு. அவர் கேட்ட தனி லைனும் அதோடு விடுபட்டுப்போனது.